எண்பத்திரண்டு முதலாளிகள்

இப்போதெல்லாம் மனுஷன் முகத்தை மனுஷன் பார்ப்பதில்லை. காலையில் சுரங்க வாசலில் வந்து நின்றால், ராத்திரி ஷிப்டில் போனவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்களா என்று ஒரு வாயிலிருந்தும் வார்த்தை வராது. எல்லாத் தலையும் உள்ளங்கைக்குள் கவிழ்ந்து கிடக்கும். "ஏறுச்சா?" என்பான் ஒருவன். "ரெண்டு காசு இறங்கிருக்கு" என்பான் இன்னொருவன். முப்பத்தோரு வருஷமாக இந்தச் சுரங்கத்தில் ஏறியதும் இறங்கியதும் ஆட்களும் கல்லும்தான். இப்போது நாலு மாதமாக வேறு ஏதோ ஏறி இறங்குகிறது. அதைக் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை.

பம்ப்காரர் விளக்கறைச் சுவரில் சாய்ந்து, தலைவிளக்கின் பேட்டரியை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டான் பாறை துளைக்கிறவன். தொண்டை பெரிது என்பதால் அவனுக்கு டமாரம் என்று பேர்.

"இருக்கு முதலாளி. போன வாரம் நீங்க வாங்கினதே இன்னும் திரும்பலையே முதலாளி" என்றான் தள்ளுவண்டிக்காரன்.

"அதுக்கு ரெண்டு பங்கு எழுதித் தந்துடறேன், போதுமா?"

"எனக்கு வேணாம்ப்பா, பெரியவர்கிட்டக் கொடு. ஓ, அவரு வாங்க மாட்டாருல்ல. அவரு செல்லாத நோட்டு."

சிரித்தார்கள். பம்ப்காரர் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் இவர்கள் பங்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கம்பெனி சின்னது. இந்த ஒரு சுரங்கத்தை விட்டால் அதற்கு வேறு சொத்து கிடையாது. இரண்டு மாதம் சம்பளம் நின்றுபோயிருந்த சமயத்தில், மேனேஜர் இதே வாசலில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். கையில் காசு இல்லை, ஆனால் காலடியில் தங்கம் இருக்கிறது, மூன்றாம் தளத்தில் புதிதாகத் தங்க ரேகை தெரிந்திருக்கிறது என்றார். பாக்கிச் சம்பளத்துக்கும் இனி வரும் சம்பளத்துக்கும் கம்பெனியின் பங்குகளையே கொடுத்துவிடலாம், வெளியே விற்கிற விலையைவிடக் குறைவான விலையில். ஒரே ஒரு நிபந்தனை, வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு விற்கக்கூடாது. "இன்னையிலேர்ந்து நீங்க தொழிலாளி இல்ல, முதலாளி" என்று சொல்லிப் பெட்டியிலிருந்து இறங்கினார்.

மொத்தம் எண்பத்து மூன்று பேர். எண்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பம்ப்காரர் பேனாவைத் தொடவில்லை. "நான் இறைச்ச தண்ணி ஈரமாத்தானே இருந்துச்சு? அப்ப கூலியும் கையில பட்டாத் தெரியணும்" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் போய்விட்டது. அவருக்கு ஆறு மாதக் கூலி பாக்கி.

மூன்றாம் தளத்துக்குக் கீழே, பாறையைக் குடைந்த ஒரு பொந்துதான் அவர் வேலை செய்யும் இடம். அதில் இரண்டு பம்புகள். ஒன்று செத்தது. போன வருஷம் இவர் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள் டமாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தான். தண்ணீர் வற்றியதுகூடத் தெரியாமல் வெறும் காற்றை இழுக்கவிட்டு மோட்டாரைக் கருக்கிவிட்டான். மிச்சமிருக்கும் ஒன்றின் பேரிங்கும் தேய்ந்துவிட்டது. பம்ப்காரர் ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைப் பேரிங்கின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். மாவு அரைக்கிற மாதிரி சத்தம் வந்தால் ஓடும். பல் கடிக்கிற மாதிரி வந்தால் நிறுத்தி, கிரீஸ் அடைத்து, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி ஓட்டவேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தோள்வரை கையை விட்டு உறிஞ்சுகுழாய் வாயிலிருக்கும் சேற்றை வழிக்கவேண்டும். பம்ப் ஒரு மணி நேரம் நின்றால் ஊற்றுத் தண்ணீர் சேரும் குழியில் மட்டம் ஒரு சாண் ஏறும். ஒரு பகல் நின்றால் மூன்றாம் தளமே குளம்.

ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவர் அந்தச் சேற்றோடேயே மேனேஜர் அறைக்குப் போனார்.

"என் ஆறு மாசக் கூலியைக் கொடுத்துடுங்க சார். ஐஸ் ஃபேக்டரியில பம்புக்கு ஆள் கேக்கறாங்க. வாரக்கூலி, கையில தர்றாங்க. திங்கக்கிழமை போகணும்."

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். பம்ப்காரர் உட்காரவில்லை.

"பெரியவரே, செவ்வாய்க்கிழமை பணம் போடுறவங்க வர்றாங்க. மூணாவது தளத்துல இறங்கி நின்னு பார்ப்பாங்க. அங்க தண்ணி நின்னா நம்ம கதை முடிஞ்சுது."

"நிக்காமத்தானே இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டேன். அதுக்குத்தான் கூலி கேக்கறேன்."

"பங்கா வாங்கிக்கங்களேன். மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு ஒண்ணரை தரச் சொல்றேன்."

"வெறுந்தட்டு ஒண்ணா இருந்தா என்ன, ஒண்ணரையா இருந்தா என்ன சார்."

மேனேஜர் சிரித்துவிட்டு மேசைமேல் இருந்த காகிதத்தை நேராக வைத்தார். "சனிக்கிழமை கூட்டம் போட்டிருக்கேன். உங்க விஷயத்தை அவங்களே முடிவு பண்ணட்டும்."

"யாரு?"

"முதலாளிங்க."

பம்ப்காரருக்கு மனைவி இல்லை. சுரங்கக் குடியிருப்பு லைனில் மகள் வீட்டில்தான் இருந்தார். இரண்டே அறை. மருமகன் அதே சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். மகள் ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தாள். ஆறு மாதமாக அவள் தையல் மிஷின் ஓடியதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

திங்கட்கிழமை போகப்போவதைச் சொன்னதும் மிஷின் நின்றது.

"போகாதீங்கப்பா" என்றாள்.

"ஏன்?"

அவள் கையிலிருந்த சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் வளையல் நாலும் அங்கதான் இருக்கு."

"எங்க?"

"சுரங்கத்துல. சம்பளத்துக்குத் தர்றது போக, காசு கொடுத்தாலும் அதே விலைக்குத் தர்றோம்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம். இவரு வித்து வாங்கிட்டாரு." காலரை மடியில் வைத்துவிட்டு, "நானும் சரின்னுதான் சொன்னேன்" என்றாள்.

பம்ப்காரர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். துணியில் மாட்டுகிறது என்று கழற்றி வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"தங்கத்தைக் கொடுத்துட்டு, தங்கம் இருக்குன்னு எழுதின காகிதத்தை வாங்கிட்டு வந்திருக்கீங்க."

பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்த மருமகன் துண்டோடு உள்ளே வந்தான். "அலமாரியில சும்மாத்தானே மாமா கிடந்துச்சு. அது குட்டியா போடும்?"

"குட்டி போடாது மாப்பிள்ளை. ஆனா செத்தும் போகாது."

"நீங்க போனாத்தான் மாமா இது சாகும். அப்புறம் டமாரம்தான் பம்ப் ஓட்டணும். ஒரே நாள்ல அதையும் எரிச்சுடுவான். வர்றவங்க தண்ணியைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் அந்தக் காகிதத்தை வெச்சு அடுப்புகூட மூட்ட முடியாது. காகிதம்னு ஒண்ணு இருந்தாத்தானே, எல்லாம் போன்லதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

பம்ப்காரர் அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே கணக்குப் பார்த்தார். ஆறு மாதக் கூலி கைக்கு வந்தால் நாலு வளையல் எடுத்துவிடலாம், முன்பு போலக் கனமாக இல்லாவிட்டாலும். "கூலி வரட்டும். உன் கையில வளையலைப் போட்டுட்டு நான் போறேன். அந்தப் பங்கு எக்கேடோ கெடட்டும்" என்றார். மகள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மருமகன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல் பிரிக்கும் கொட்டகையில் கூட்டம். ஒரு மணி நேரம் என்றால் ஒரு சாண்தானே என்று பம்பை நிறுத்திவிட்டு மேலே வந்தார் பம்ப்காரர். நின்றுபோன கன்வேயர் பெல்ட்டுகளின் மேலும் கல் குவியல்களின் மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிளார்க் நோட்டோடு மேனேஜர் பக்கத்தில் நின்றான்.

மேனேஜர் நேராக விஷயத்துக்கு வந்தார். புதன்கிழமைக்குள் பாக்கி நிற்கும் மின்சாரக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கையிலிருக்கும் ரொக்கம் ஒன்றுக்குத்தான் காணும். ஒன்று அந்தத் தவணை, இல்லை பெரியவரின் ஆறு மாதக் கூலி. "இது உங்க கம்பெனி. நீங்களே சொல்லுங்க. கூலிப் பாக்கியை இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

டமாரத்தின் கைதான் முதலில் ஏறியது. பிறகு தள்ளுவண்டிக்காரன். பிறகு முன்வரிசை மொத்தமும். சிலர் பம்ப்காரரைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள்.

மருமகன் கையைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தான். சுற்றிலும் பார்த்தான். கையை வெளியே எடுத்துத் தோள் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினான்.

"நல்லாத் தூக்குங்க, எண்ணணும்ல" என்றான் கிளார்க்.

அவன் நன்றாகத் தூக்கினான்.

கிளார்க் நோட்டில் எழுதியதை உரக்கப் படித்தான். "பணியாளர்கள் தமது ஊதிய நிலுவையை ஆறு மாத காலத்திற்குக் கோருவதில்லை என ஒருமனதாகத் தீர்மானிக்கிறார்கள்."

"ஒருமனதாவா?" என்றார் பம்ப்காரர். "நான் கை தூக்கலையே."

"உங்ககிட்டப் பங்கு இல்லையே பெரியவரே. இது பங்கு வெச்சிருக்கிறவங்க கூட்டம்."

"கூலி என்னோடது. கை மட்டும் இவங்களோடதா?"

டமாரம்தான் தொண்டையைத் தாழ்த்திச் சொன்னான். "கோச்சுக்காதீங்க பெரியவரே. காசு உங்களுக்குப் போச்சுன்னா கரன்ட் போயிடும். கரன்ட் போனா எங்க பங்கு விழும். நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

"முதலாளி மாதிரியே பேசக் கத்துக்கிட்டியேடா."

"பின்ன?" என்றான் டமாரம். அவன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் நோட்டை வாங்கி ஒரு படம் பிடித்து எங்கோ அனுப்பினார். எல்லாருக்கும் டீ வந்தது. பம்ப்காரர் வாங்கவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் பெல்ட் மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து நின்றான்.

"ஏறிருக்குடா. ஏழு காசு."

எல்லாக் கைகளும் பையிலிருந்து போனை எடுத்தன. ஒருவன் கைதட்ட ஆரம்பித்தான், பிறகு கொட்டகை முழுக்கத் தட்டியது. தள்ளுவண்டிக்காரன் டமாரத்தை இடுப்போடு தூக்கிச் சுற்றினான்.

"எதுக்கு ஏறுச்சு?" என்று கிளார்க்கிடம் கேட்டார் பம்ப்காரர்.

"வேலையாளுங்க சம்பளம் கேக்க மாட்டாங்கன்னு சேதி போச்சுல்ல. பணம் போடுறவங்களுக்கு அது பிடிக்கும்."

பம்ப்காரர் மருமகன் பக்கம் திரும்பினார். "அதான் ஏறிடுச்சே மாப்பிள்ளை. இப்பவே வித்து அவ வளையலை வாங்கிட்டு வாங்க."

"இன்னும் எட்டு மாசம் விக்க முடியாது மாமா."

"மேனேஜருக்கும் எட்டு மாசமா?"

மருமகன் கிளார்க்கைப் பார்த்தான். கிளார்க் நோட்டை மூடினான். "அவரோடது வேற திட்டம்" என்றான்.

மேனேஜர் அதற்குள் கொட்டகைக்கு வெளியே போய், காரில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நாலு வளையலும் எட்டு மாதம் தண்ணீருக்குள் போகாமல் இருக்கவேண்டும். பம்ப்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ஐஸ் ஃபேக்டரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு. ஆள் வரலைன்னு" என்றார் கிளார்க்கிடம்.

"இப்பவாவது நம்பிக்கை வந்துச்சே பெரியவரே" என்றான் கிளார்க்.

"நம்பிக்கை எங்கடா வந்துச்சு. தண்ணிதான் வந்துக்கிட்டு இருக்கு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் சுரங்க வாயிலுக்கு நடந்தார். மருமகன் பின்னாலேயே ஓடிவந்து, அவரைத் தாண்டிப் போய்க் கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறுங்க மாமா. மெதுவா இறக்கறேன்."

பம்ப்காரர் கூண்டைக் கடந்து, பக்கத்திலிருந்த ஏணிக்குழியின் பலகையைத் தூக்கி ஓரமாகப் போட்டார். மின்சாரம் போனால் ஆட்கள் ஏறிவருவதற்காக வைத்திருந்த இரும்பு ஏணி அது. கீழே வரைக்கும் இருநூற்றுப் பதினாறு படி.

"மாமா, முட்டி தாங்காது. சொன்னாக் கேளுங்க."

அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காலை உள்ளே விட்டுப் படியைத் தேடினார். கிடைத்ததும் மறுகாலை விட்டார். கொட்டகையில் மறுபடியும் கைதட்டினார்கள். மருமகன் ஆளில்லாத கூண்டின் கதவைப் பிடித்தபடியே நின்றான்.