பக்கத்து நாற்காலி

இரட்டைப் பிள்ளைகளில் முதலில் பிறந்தவளைப் பெரியவள் என்றும் மற்றவளைச் சின்னவள் என்றும் வீட்டில் கூப்பிட்டார்கள். வணிக நிர்வாகப் பட்டப்படிப்புக்கு இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இருவருக்குமே இடம் கிடைத்தது. இரண்டுமே ஓர் ஊர் அளவு பெரியவை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததில் சேர்வது என்று பெரியவள் முடிவு செய்தாள். வழக்கம்போல இருவருக்கும் சேர்த்தே முடிவு செய்தாள்.

மற்றதையும் பார்த்துவிடலாம் என்று அப்பா கிளம்பிய அன்று பெரியவளுக்குக் காய்ச்சல். சின்னவள் மட்டும் போனாள். பார்க்க வந்தவர்களையும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். விலை ஏறினாலும் விற்பனை குறையாத பொருள் எது என்று பேராசிரியை கேட்டார்.

"மருந்து" என்றாள் சின்னவள்.

"ஏன்?"

பழக்க தோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். தட்டுத் தடுமாறித் தானே சொல்லி முடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் அங்கயே சேர்றேன்" என்றாள்.

"ஒரே இடத்துல இருந்தா எங்களுக்கு நிம்மதிடி" என்றாள் அம்மா.

"பாடம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதாம்மா. ஆனா அங்க எனக்காக இவ பேச மாட்டா."

போர்வைக்குள்ளிருந்து பெரியவள் கேட்டாள். "நான் பேசினது தொந்தரவா இருந்துச்சா?"

"இல்ல, சுகமா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

பெரியவள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவள் விடுதிக்குக் கிளம்பிய அன்று, பெட்டியைப் பேருந்து நிறுத்தம்வரை பெரியவளே இழுத்து வந்தாள்.

"முதல் பரீட்சையில யாருக்கு மார்க் அதிகம்னு பாப்போம்" என்றாள்.

அதுவரை அவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டதே இல்லை. சின்னவளுக்கு இந்தப் போட்டி பிடித்திருந்தது.