ஏழாவது விளக்கு

1

இந்தக் கதை என்னுடையதில்லை. நாஷ்வில்லில் என் பக்கத்து வீட்டு கராஜிலிருந்து எடுத்துவந்தது. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வரும்போது கதையோடு வந்தேன். ஏணியைத் திருப்பித் தரவேண்டும் என்கிற நாகரிகம் எனக்கு உண்டு. கதை விஷயத்தில் அப்படி எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏப்ரல் மழை தகரக் கூரையில் தாளம் போட, ராய்ஸ் ஹாரல்சன் தன் அக்காவின் குரலில் கரைந்துபோய்…’

வேண்டாம். அன்று மழையும் இல்லை, அந்தக் கூரை தகரமும் இல்லை. ஒரு வரி சோகையாகக் கிடந்தால் உடனே மழையை இறக்கிவிடுவது என்னுடைய பழைய வியாதி. நான் கேலி செய்யப்போகும் ஆளுக்கும் கிட்டத்தட்ட அதே வியாதிதான். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்காது.

2

ராய்ஸுக்கு நாற்பத்திரண்டு வயது. பகலில் வீடு வீடாகப் போய்க் கம்பளம் விரிக்கிற வேலை. அதாவது ஊரார் வீட்டில் எதிரொலி இல்லாமல் செய்து சம்பாதிக்கிறான். மாலையில் தன் கராஜில் பாட்டுப் பதிவு செய்கிறான். அந்த கராஜின் சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் கறுப்பு நுரைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கைதட்டினால் சத்தம் அங்கேயே செத்து விழும். அப்படிப் பாடுபட்டு எதிரொலியைத் துரத்திவிட்டு, அதே எதிரொலியைத் திரும்பக் கொண்டுவர ஒரு மென்பொருள் தேடுகிறான். அதற்குப் பெயர் ரிவெர்ப். கராஜில் பாடிய குரலைத் தேவாலயத்தில் பாடியதாகவோ கிணற்றடியில் பாடியதாகவோ காட்டும்.

(இதை நான் கிண்டலுக்காகச் சேர்க்கவில்லை. இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.)

அவன் அக்கா வெர்னாவுக்கு நாற்பத்தேழு. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் பாட்டில் பின்னால் நின்று ‘ஆ’ சொன்னவள். ஒரு பெரிய இசைக்குழு எட்டு மாதச் சுற்றுப்பயணத்துக்கு இரண்டாம் குரல் தேடியது. ஒரே ஒரு பாட்டை அவர்கள் வலைப்பக்கத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. பேருந்தின் கடைசி இருக்கையைப் பற்றித் தானே எழுதிய பாட்டை அவள் தம்பியின் கராஜில் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். அதற்கு ஆனது நான்கு நிமிடம்.

அதற்கு ரிவெர்ப் தேர்ந்தெடுக்கத் தம்பி எடுத்துக்கொண்டது பதினோரு நாள்.

(ஒரு குறிப்பு. நாஷ்வில்லில் யாரும் அக்கா, தம்பி என்று கூப்பிட்டுக்கொள்வதில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ராய்ஸ் ‘வெர்னா’ என்னும்போது அதற்குள் ஒரு ‘அக்கா’ இருக்கும், கொஞ்சம் பயந்த அக்கா. அதை அப்படியே எழுதிவிட்டேன்.)

3

அந்தப் பதினோரு நாளையும் எழுத முயன்றேன். இருபத்தாறு பக்கம் வந்தது. கிழித்தேன்.

சுருக்கம் இது. ராய்ஸ் பதினான்கு நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கும் சலுகையில் ஏழு ரிவெர்ப்களை இறக்கினான். இணைய மன்றம் ஒன்றில் ‘பெண் குரல், சற்றே தடித்தது, எது நல்லது?’ என்று கேட்டான். நூற்று நாற்பது பேர் பதில் எழுதினார்கள். அந்தக் குரலை ஒருமுறை போடு கேட்போம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் எழுதினார்: வால் நீளம், அதாவது எதிரொலி தேய்ந்து மறையும் நேரம், இரண்டு புள்ளி மூன்று நொடி இருக்க வேண்டும். இன்னொருவர்: இரண்டு புள்ளி நான்குக்குக் கீழே வைப்பவனுக்குக் காதே இல்லை. இருவரும் நான்கு பக்கத்துக்குச் சண்டை போட்டார்கள். ராய்ஸ் அதைக் குறிப்பெடுத்தான்.

வெர்னா தினமும் பேருந்தை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் காத்து வரலக்கா.”

“என்ன காத்து?”

“குரலைச் சுத்தி ஒரு காத்து இருக்கணும். இப்ப ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“கதவைத் தொறந்து வைடா, வரும்.”

4

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். வராமல் எழுதிவிடலாம் என்று பார்த்தேன். ‘பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்’ என்று மூன்றாம் ஆளாக மூன்று வரைவு எழுதினேன். அந்த ஆள் மூன்றிலும் ரொம்ப நல்லவராக இருந்தார்.

புதன்கிழமை மாலை. ஏணியோடு போய் நின்றேன். ராய்ஸ் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

“எழுத்தாளரே, நல்ல நேரத்துல வந்தீங்க. நான் கண்ணைக் கட்டிக்கிறேன். நீங்க ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் உங்க இஷ்டத்துக்கு மாத்தி மாத்தி அமுக்குங்க. எது எதுன்னு சொல்லிடாதீங்க. கண்ணு பொய் சொல்லும், காது சொல்லாது.”

எனக்குத் திரையைக் காட்டி விளக்கினான். ஒவ்வொரு ரிவெர்ப்புக்கும் மூலையில் ஒரு பச்சை விளக்கு. எரிந்தால் அது வேலை செய்கிறது. எரியாவிட்டால் குரல் அதைத் தொடாமல் அப்படியே கடந்து வரும். இதைச் சொல்லிவிட்டு, குளியல் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

மூன்றை அமுக்கினேன். “தகர டப்பா.” ஐந்து. “ஆஸ்பத்திரி நடைபாதை.” ஒன்று. “பரவால்ல, ஆனா பொய்.” ஏழு.

பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. துண்டு நனைந்திருந்தது.

“இதுதான்” என்றான். “என்ன ஆழம் பாருங்க. நானும் அக்காவும் ஒரே ரூம்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. இவ்வளவு நாளா எங்க போச்சு இது?”

நான் திரையைப் பார்த்தேன். ஏழாவதன் விளக்கு எரியவில்லை. முன்பு எப்போதோ அவனே அணைத்துவிட்டு மறந்திருக்கிறான். அவன் அழுதது வெறும் குரலுக்கு. நுரைப் பஞ்சுக்கு நடுவே நின்று, நான்கு நிமிடத்தில், அவன் அக்கா பாடிய அதே குரலுக்கு.

(நம்ப முடியவில்லையா? எனக்கும் இந்த இடத்தில் ராய்ஸ்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு அசடாக ஒரு பாத்திரத்தை எழுதினால் வாசகர் என்னைத்தான் திட்டுவார். ஒலிப்பதிவு செய்யும் நண்பரிடம் கேட்டேன். “அணைஞ்சு கிடக்கறதைத் திருகித் திருகி, ஆகா இப்பதான் சரியாச்சுன்னு சொல்லாதவன் எங்க தொழில்ல கிடையாது” என்றார். அவர் இருமுறை செய்திருக்கிறாராம்.)

நான் சொல்லியிருக்கலாம். ‘ராய்ஸ், விளக்கு எரியல’. மூன்றே சொல். சொன்னால் சிரித்திருப்பான், அன்றைக்கே பாட்டை ஏற்றியிருப்பான். ஆனால் எனக்கு அந்த நொடியில் ஒரு கதை கிடைத்துவிட்டது. விளக்கு எரியவில்லை என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன்.

5

வியாழன் முழுவதும் ராய்ஸ் லீவு போட்டு ஏழாவதைத் திருகினான். கண்ணை மூடிக்கொண்டுதான் திருகுவான். கண் திறந்திருந்தால் காது அடைத்துக்கொள்ளும் என்பது அவன் கட்சி. வால் நீளத்தை இரண்டு புள்ளி மூன்றிலிருந்து இரண்டு புள்ளி நான்குக்கு ஏற்றினான். “பாத்தீங்களா, குரல் குளிர்ந்துச்சு” என்று வேலிக்கு மேலே எட்டிச் சொன்னான். நான் தலையாட்டினேன். வீட்டுக்குள் போய் அந்த வரியை எழுதி வைத்துக்கொண்டேன்.

வெள்ளி நாலரை மணிக்கு வெர்னா சீருடையோடு வந்தாள். கையில் மூவருக்கும் காரக்கோழிப் பொட்டலம். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். ராய்ஸ் பாட்டைப் போட்டான். அவள் கோழியைத் தின்றுகொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. அன்னிக்குப் பாடினப்பவும் இப்படித்தானே இருந்துச்சு?”

“அதெப்படிக்கா? பதினோரு நாள் வேலை இதுல இருக்கு.”

“இருக்கட்டும், அனுப்பு.”

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை, கண்ணைத் திறந்தே பார்த்தான். மூலையைப் பார்த்தான். ஏழாவதன் விளக்கு எரியாமல் கிடந்தது. மெல்ல அந்த விளக்கைத் தொட்டான். பச்சை எரிந்தது. இரண்டு நாளாகத் திருகிய அத்தனையும் ஒன்றாகக் கிளம்பியது. வெர்னா தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து பாடுவதுபோல் இருந்தது.

“இது என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா, ஒரு நிமிஷம்.”

மணி நாலு ஐம்பத்தொன்று.

“முந்தி இருந்துச்சே, அதையே அனுப்பு.”

“அதுல ஒண்ணுமே இல்லக்கா. அது வெறும் குரல்.”

“என் குரல்தானேடா அது?”

“வெறுமனே அனுப்பினா சிரிப்பாங்க. நாலைப் போட்டுப் பாக்கிறேன், நாலு சரியா வரும்.”

நாலைப் போட்டான். இரண்டைப் போட்டான். அழுதுகொண்டே கேட்ட குரலை, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அவனால் நம்ப முடியவில்லை. வெர்னா மூன்று முறை ‘அனுப்பு’ என்றாள். நாலாவது முறை மவுஸைப் பிடுங்கினாள். விளக்கை அணைத்து, பாட்டைக் கோப்பாக்கி, குழுவின் பக்கத்தைத் திறந்தபோது ஐந்து நாலு. ‘விண்ணப்பங்கள் முடிந்துவிட்டன’ என்று இருந்தது.

6

முடிவுகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) குழுவின் கடிகாரம் ஐந்து நிமிடம் தாமதம். பாட்டு ஏறிவிடுகிறது. (எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. என் மனைவிக்குக்கூடப் பிடித்தது.)

ஆ) திங்கள் காலை வெர்னா பேருந்தில் பாடுகிறாள். கடைசி இருக்கையிலிருந்து முப்பது குழந்தைகள்… வேண்டாம். இது மழை. இது வால் நீளம் இரண்டு புள்ளி நான்கு.

இ) ராய்ஸ் நுரைப் பஞ்சையெல்லாம் பிய்த்தெறிகிறான். (பொய். மறுவாரம் எட்டாவது ரிவெர்ப் இறக்கினான்.)

7

இதில் எதுவும் போடவில்லை.

வெர்னா கோழி எலும்பைப் பொட்டலத்தில் மடித்தாள். கையைத் துடைத்தாள். தம்பி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவனை அவள் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“புதன்கிழமை நீங்கதானே பொத்தானை அமுக்கினீங்க?”

“ஆமா.”

“விளக்கு எரியலன்னு பாக்கலையா?”

“இல்ல” என்றேன். “எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?”

“அதானே” என்றாள் அவள். “உங்களுக்கு என்ன தெரியும் பாவம். பதினெட்டு வருஷம் போச்சு, அதோட இதுவும் ஒண்ணு. விடுங்க.”

போன வாரம் வேலியோரம் நின்று கேட்டாள்: எங்களைப் பற்றித்தான் எழுதுகிறீர்களாமே, தம்பி சொன்னான், அவனை ரொம்ப முட்டாளாக்கிவிடாதீர்கள். மாட்டேன் என்றேன். அந்த வாக்கை எவ்வளவு காப்பாற்றினேன் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். முட்டாளை விலாவாரியாக எழுதினால் அயோக்கியன்மேல் கண் போகாது என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. இதை எழுத எனக்கு இருக்கும் துணிச்சல் அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும். நாளை திங்கள்கிழமை. ஆறே முக்காலுக்கு அவள் பேருந்து எங்கள் முனையில் நிற்கும், கதவு திறக்கும், எனக்குக் கையசைப்பாள். நான் போய் அந்தப் படியில் கால் வைத்து, பார்த்தேன் என்று சொல்லவா, வேண்டாமா?