கடைசிப் பேருந்தின் இரண்டாவது சுற்று

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இலக்கியம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

என் அக்கா வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே ஒரு வருடம் என்று சொல்லிப் போனவள், இருபது வருடத்துக்கு மேலாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொலைபேசியில் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன் (பேசாமல் இருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை, தேர்வுத்தாள் திருத்தும் மாதம்). கடைசியில் ஒரு கதை எழுதி, அதில் அவளை ஊருக்குக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். கதைக்குள் வந்தால் நான் சொன்னபடிதானே கேட்டாக வேண்டும்?

முதல் தொடக்கம்: "விமானம் தரையிறங்கியபோது ஆசிரியையின் கண்கள் பனித்"

வேண்டாம். விமானம் மேலே ஏறுவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிடுகிறவள் அவள்.

இரண்டாவது: "மாடி அறையின் ஜன்னல்கள் அவளுக்காகத் திறந்தே"

இது என் ஆசை. கதை இல்லை.

சரி, அவளை அவள் இடத்திலேயே வைத்துத் தொடங்குகிறேன்.

2

அந்தப் பள்ளியில் யாரும் நிலைத்து இருப்பதில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தால், பிள்ளை வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடும். ஆசிரியர்களும் அப்படித்தான். அதனால் வழியனுப்புவதற்கென்றே அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆண்டின் கடைசி நாள், பள்ளிப் பேருந்துகள் எல்லாம் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். ஆசிரியர்கள் ஓரத்தில் வரிசையாக நின்று கையசைப்பார்கள். வேலையை விட்டுப் போகிற ஆசிரியர்கள் மட்டும் கடைசிப் பேருந்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வருடம் இதை ஆசிரியைக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் ஏற்கெனவே மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டிருந்தாள். விடுமுறைக்குப் போவதுபோலப் போய், திரும்பாமல் இருந்துவிடுவது என்று திட்டம். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு நல்ல வெயில். கையில் கனமான பை. கடைசிப் பேருந்து தன் தெரு வழியாகத்தான் போகும் என்று பார்த்து, ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

முதல் சுற்றில் வரிசையில் நின்றவர்கள் விழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, ஐயோ, இந்தம்மாவும் போகிறாள், நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று பதறினார்கள். பக்கத்து அறை இசை வாத்தியார், தன் தபேலா சத்தத்துக்காக வருடம் முழுவதும் அவளோடு மல்லுக்கு நின்றவர், பேருந்தோடு கூடவே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். அழுதுகொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தானும் கையசைத்தாள்.

இரண்டாவது சுற்றில் முதல்வரே குறுக்கே வந்து பேருந்தை நிறுத்தினார். ஏறி வந்து, இனி வரமாட்டீர்களா என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இசை வாத்தியாரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வருவேன்," என்றாள்.

மைதானமே சிரித்தது. எனக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

3

(இசை வாத்தியாரைப் பற்றி ஒரு சந்தேகம். அவர் உண்மையிலேயே அழுதாரா? அக்காவிடம் கேட்டேன். "அழல்லாம் இல்ல. வேர்வை. அந்த வெயில்ல அவ்வளவு தூரம் ஓடினா யாருக்குத்தான் ஊத்தாது?" என்றாள். ஆனாலும் மேலே உள்ள வாக்கியத்தை நான் அடிக்கவில்லை.)

தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி, "உங்க அக்கா அவருக்காகத்தான் அங்கயே தங்கிட்டாங்கன்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க, பாத்துக்கோங்க," என்றாள். நினைக்க வேண்டாம். அடுத்த வருடமே அவர் அதே பேருந்தில் ஏறிப் போனார். ஆசிரியை இரண்டு சுற்றுக்கும் கையசைத்தாள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் இந்தக் கதையில் இல்லை. எனக்கும் தெரியாது.

அவள் ஏன் தங்கினாள் என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு சின்ன விஷயம்தான். வகுப்பில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ஆனால் பெருக்கும்போது மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியில் முணுமுணுக்கும். உதட்டைப் பார்த்தே எது எந்த ஊர்ப் பிள்ளை என்று ஆசிரியை சொல்லிவிடுவாள். அவளும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே தன்னையறியாமல் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்பாள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். கடைசி நாள் பேருந்துகள் சுற்றும்போது, எந்தெந்த தேசத்துப் பிள்ளைகளோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவரவர் நாக்கு புரண்ட மட்டும் அதைத்தான் கத்திக்கொண்டு போகும். இத்தனை வருடமாக.

இதை எழுதியதும் என் கோபம் பாதி போய்விட்டது. கோபத்தில் பிறந்த கதைக்கு இது நல்லதில்லை.

4

முடிவுகள்.

ஒன்று: வந்துவிடுகிறாள். மாடி அறையில் குடியேறி, இரண்டே நாளில் என் புத்தக அலமாரியை உயர வரிசைப்படி அடுக்கி, எனக்கு எதுவும் கிடைக்காமல் செய்கிறாள். சுகமான முடிவு.

இரண்டு: "இன்னும் ஒரு வருஷம்டா." இதற்குமேல் எழுத முடியவில்லை.

சுற்றி வளைப்பானேன். எனக்கு அக்கா வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சின்ன வயதில் நான் செய்த கோமாளித்தனங்களைச் சொல்லிச் சிரிக்க இந்த உலகத்தில் அவளைத் தவிர ஆள் இல்லை. அவளும் அங்கே இருந்துவிட்டால், நான் சின்னப் பையனாக இருந்ததற்குச் சாட்சி யார்?

வருடத்தின் நடுவில் முதல்வர் எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டு, இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று கேட்பார். இந்த வருடமும் கேட்டார், அவளும் பதில் சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்ல மறுக்கிறாள். "கடைசி நாள் சொல்றேன். அதுக்கு முன்னால நச்சரிச்சா, உன் கதையிலகூட வரமாட்டேன்."

5

இன்று கடைசி நாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அழைத்தாள். மைதானத்திலிருந்துதான். இஞ்சின் உறுமல், காற்று, அதற்கு மேலே பிள்ளைகளின் கூச்சல்: ஏழெட்டு ஐம்பத்தாறு, ஏழெட்டு ஐம்பத்தாறு.

"அக்கா, நீ பஸ்ஸுக்குள்ள இருக்கியா, வெளிய நிக்கிறியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். வேர்வையாக இருக்கும்.

"கணக்கு டீச்சர் தம்பிதானே நீ," என்றாள். "சத்தம் கிட்ட வந்து தூரப் போச்சுன்னா வெளிய நிக்கிறேன். ஒரே மாதிரி கேட்டா உள்ள இருக்கேன். முதல் சுத்துல நீ பேசிப் பேசியே கெடுத்துட்ட. இன்னும் ஒரு சுத்து இருக்கு, வாயை மூடிட்டுக் கேளு."

என் மனைவி மாடி அறைச் சாவியை எடுத்துக்கொண்டு ஏறிப் போகிறாள். மேலே ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். நான் தொலைபேசியை மேசைமேல், இந்தத் தாளின் பக்கத்தில், உங்களைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன்.

பேருந்து வளைகிறது. என் காது எனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.