வெளியே நின்ற மாமியார்

பூட்டுக்காரர் வீட்டிலேயே களவு போனால் தெரு சும்மா இருக்குமா? முதலில் சேவல் போனது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேல் தலையை மட்டும் நீட்டி, "என்னங்க, சாவியைக் கதவுலயே விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அடுத்து செம்பட்டைக் கோழி போனபோது அவள் எதுவும் கேட்கவில்லை, சிரித்தாள். அதுதான் அதிகம் வலித்தது.

திருடன் ஒரு கீரி. அது கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டுக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்து, வந்த வழியே போயிருந்தது. ஊரில் உள்ள அத்தனை கதவுகளின் சூட்சுமமும் பூட்டுக்காரருக்கு அத்துப்படி. ஆனால் கதவே வேண்டாம் என்று வருகிறவனைப் பற்றி அவர் தொழிலில் பாடம் கிடையாது.

மிச்சம் இருந்தது கருப்புக் கோழி ஒன்று. கொல்லையில் படுக்கப் போட்ட பழைய மர அலமாரிதான் கோழிக்கூடு. அதற்குள் பதினோரு முட்டைமேல் உட்கார்ந்து அது அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவர் பூட்டுக்காரர்தான். கிட்டே போனால் கொத்தும், போகாவிட்டால் முறைக்கும். "எங்கம்மாவைத்தான சொல்றீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "சேச்சே, உங்கம்மா கொத்தவே மாட்டாங்களே" என்று சொல்லி, அன்றைக்கு ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

"சேவலும் போச்சு. இருக்கறது இந்த முட்டைங்கதான். இந்த அடையும் வீணாச்சுன்னா இனிமே இந்த வீட்டுல கோழியே கிடையாது. சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. அவள் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை.

அதைக் கேட்டதும் பூட்டுக்காரர் எழுந்துபோய்க் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோழிமேல் அப்படியொன்றும் பாசம் இல்லை. விஷயம் வேறு. அவரிடம் மனைவி அளந்துதான் பேசுவாள். "சாப்பிட வாங்க", "மழை வருது", "கரண்ட் போச்சு." கோழிகளிடம்தான் மனம் விட்டுப் பேசுவாள். தீனி வைக்க உட்கார்ந்தால் அவர்மேல் உள்ள வழக்குகள் எல்லாம் அங்கே விசாரணைக்கு வரும். "உன்பாடு தேவலடி. எனக்கு வாய்ச்சதுக்கு இந்தச் சட்டை நாறுதுன்னுகூடத் தெரியாது." பூட்டுக்காரர் பின்கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார். மறுநாள் சட்டை மாறியிருக்கும். அவர்களுடைய குடித்தனம் இத்தனை வருஷம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோழி போய்விட்டால் தன் பெண்டாட்டி மனசில் என்ன இருக்கிறதென்று யாரிடம் போய் விசாரிப்பார்?

"குஞ்சு பொரியட்டும். அப்புறம் கூட்டைப் பாத்துக்கலாம்" என்றாள் அவள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கொல்லைக்குப் போனார். கடையில் ஒருவர் வீட்டுச் சாவிக்கு நகல் கேட்க, இரும்புப் பெட்டிச் சாவியை வெட்டிக் கொடுத்து அனுப்பினார். கடைசியில் மச்சானுக்கு ஆள் விட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி, வெல்டர். ஆங்கிள் கம்பியும் வலைச்சுருளுமாக மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினான். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"சுத்தியல் சத்தம் கேக்கக் கூடாது. பொறி பறக்கக் கூடாது. அவ எந்திரிக்கவே கூடாது. பயந்து எந்திரிச்சா திரும்ப உக்கார மாட்டா."

"அக்கா, நான் வெல்டர்க்கா. பொறி பறக்காம என்னத்தைச் செய்ய?"

"உன் பட்டறையில பத்த வச்சு எடுத்துட்டு வா. இங்க முறுக்கி மாட்டு."

அப்படியே செய்தார்கள். அலமாரியை அசைக்காமல் அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கூடு எழுந்தது. நாலு பக்கமும் முழ ஆழத்துக்குக் குழி பறித்து, வலையை மண்ணுக்குள் இறக்கி, மேலே கல் அடுக்கி மூடினார்கள். இனிக் கீரி சுரங்கம் வெட்டினால் மூக்கு உடையும். மேலே தகரம் போட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்தால் ஏறி உட்காரக் குறுக்கே இரண்டு கழிகள். இத்தனைக்கும் நடுவில் மாமியார் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி இருந்து, அலகுக்கு எட்டும் தூரத்தில் வந்த பூட்டுக்காரரை மட்டும் ஆறேழு இடத்தில் கொத்தியது.

"ஒரு கோழிக்கு இவ்ளோ பெரிய வீடா மாமா? நான் வாடகைக்கு இருக்கற வீடு இதுல பாதிதான் வரும்."

"வாயை மூடிட்டு போல்ட்டை முறுக்கு. குஞ்சு வந்தா பெரிய குடும்பம்."

"மேல ஒரு ஃபேன் மாட்டுனா நானே வந்துடுவேன்."

"வா. அவ பக்கத்துலதான் படுக்கணும்."

மச்சான் மாமியாரைப் பார்த்தான். மாமியார் மச்சானைப் பார்த்தது. அவன் பேசாமல் போல்ட்டை முறுக்கினான்.

கதவு வேலையை மட்டும் பூட்டுக்காரர் யாருக்கும் விடவில்லை. மனிதர் போகப் பெரிய கதவு, அதற்குக் கனமான பூட்டு. அதற்குக் கீழே மாமியாருக்கென்று ஒரு குட்டிக் கதவு. அடைக்கோழி தினமும் ஒருமுறை எழுந்து, தின்று, குடித்து, மண்ணில் புரண்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பி வந்து உட்காரும். இதுவரை அந்த நேரத்தில் மனைவி குச்சியும் கையுமாகக் காவல் நிற்பாள். இனி அது தேவையில்லை. அவர் கடையில் இராப்பகலாக உட்கார்ந்து ஒரு ஸ்பிரிங் தாழ்ப்பாள் செய்திருந்தார். உள்ளேயிருந்து நெஞ்சால் முட்டினால் கதவு திறக்கும். வெளியே வந்ததும் தானாக மூடி 'டிக்' என்று விழுந்துவிடும். வெளியிலிருந்து எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது.

"ஓட்டல் ரூம் கதவு இருக்குல்ல? அதே சூட்சுமம்" என்றார்.

"மூளை மாமா உங்களுக்கு!" என்றான் மச்சான். அக்கா தம்பி இருவரும் அந்த 'டிக்'கைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மதிலுக்கு மேலிருந்த தலைகூடப் பாராட்டியது.

மறுநாள் மனைவிக்குக் கண் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது.

"நம்பிப் போலாமா?"

"பூட்டுக்காரன் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது?"

அவள் போனாள். அவரும் கடையைத் திறந்தார். திறந்த கையோடு ஓர் அழைப்பு வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. குப்பையைப் போட வெளியே வந்த ஒரு பெண், காற்றில் கதவு சாத்திக்கொள்ள, செருப்புக்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நிற்கவில்லை, நடந்தாள். கதவிலிருந்து படிக்கட்டுக்கு, படிக்கட்டிலிருந்து கதவுக்கு. "அடுப்புல பால் இருக்குண்ணா, சீக்கிரம்ணா, அடுப்புல பால்ணா."

பூட்டுக்காரர் வளைந்த கம்பி இரண்டை உள்ளே விட்டு, காதைக் கதவில் வைத்து, கொஞ்சம் நெம்பினார். திறந்தது. பால் கரியாகியிருந்தது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் அவர் வழக்கமாக ஒரு சின்னப் பிரசங்கம் செய்வார். ஆரம்பித்தார்.

"கதவு மேல தப்பில்லம்மா. அது வேலையை அது செஞ்சுது. உள்ள இருந்து வெளிய வர யாருக்கும் தடையில்ல. திரும்ப உள்ள போகத்தான் சாவி வேணும். அதைக் கையில எடுத்துக்காம வந்தா, அப்புறம் இப்படித்தான்..."

வாய் அப்படியே நின்றது.

மாமியாரிடம் ஏது சாவி?

"அண்ணா, உங்க பை! பையை விட்டுட்டுப் போறீங்க!" என்ற குரல் அவரைப் பாதிப் படிக்கட்டுவரை துரத்தியது. அவர் அதற்குள் தெருவில் இருந்தார். அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. "எங்க தீப்பிடிச்சுது?" என்று யாரோ கேட்டார்கள்.

கொல்லையில் மாமியார் வலையோரமாக நடந்துகொண்டிருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை, திரும்பவும் இந்த மூலை. புது மண்ணில் அது நடந்து நடந்து ஒரு தடமே விழுந்திருந்தது. அவ்வப்போது நின்று வலைக்குள் தலையை விடப் பார்க்கும். உள்ளே அலமாரியில் முட்டைகள் யாரும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தன.

பூட்டுக்காரர் இடுப்பைத் தடவினார். சாவி பையில். பை மூன்றாவது மாடியில்.

சுற்றிலும் பார்த்தார். வலைமேல் அடுக்கியிருந்த கல் ஒன்றைப் பெயர்த்து எடுத்து, தன் கையால் செய்த தாழ்ப்பாளைத் தானே அடித்தார். நன்றாகத்தான் செய்திருந்தார் பாவி மனிதர், சுலபத்தில் உடையவில்லை.

"உங்க வீட்டுலயே களவாங்க?" என்றது மதிலுக்கு மேலிருந்த தலை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டது.

தாழ்ப்பாள் தெறித்தது. மாமியார் அவர் கையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு உள்ளே போய், முட்டைகளை அலகால் இழுத்து இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்து உட்கார்ந்தது. ஓரத்து முட்டை ஒன்றை அவர் தொட்டுப் பார்த்தார். குழாய்த் தண்ணீரைப் போல் சில்லென்று இருந்தது.

கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மனைவி சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். உடைந்த தாழ்ப்பாளைக் கையால் தடவிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். நடந்ததை அவர் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. சாயங்காலம் தீனித்தட்டை வைத்துவிட்டு, கோழியிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். பின்கதவுக்குப் பின்னால் அவர் வெகுநேரம் நின்றார். தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் அந்தக் குட்டி வாசலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் பூட்டுக்காரர் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தால் பலகை வைத்து அடைப்பார், விடிந்தால் நாற்காலி. பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கே வந்தார்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. கால் தானாக ஆடியது. கை சாவிக்கொத்தைக் குலுக்கியது. குலுக்கும்போதெல்லாம் மாமியார் முறைத்ததால் சாவிக்கொத்து சட்டைப்பைக்குள் போனது. ஒரு மத்தியானம் கீரி மதிலோரம் வந்து, பின்னங்கால்களில் நின்று, இந்தப் புதுப் பூட்டை ஏற இறங்கப் பார்த்தது. அவர் செருப்பை எறிந்தார். செருப்பு தையல்காரம்மா வீட்டில் விழுந்தது. கேள்வி எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது.

"என்ன மாமா, நீங்களும் அடையா?" என்றான் மச்சான். "எத்தனை முட்டை?"

அவர் குட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கே சங்கடமாகிவிட்டது.

குஞ்சு பொரிக்கவேண்டிய நாள் வந்தது, போனது. அன்று அவர் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த காலை மனைவி வந்து குனிந்து, மாமியாரின் வயிற்றுக்கடியில் கையை விட்டாள். அது அவளைக் கொத்தாது. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதை அவர் காதில் வைத்தாள்.

பூட்டுகளின் வயிற்றில் நடப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. முதலில் தன் இரத்தம் ஓடுவதுதான் கேட்டது. அப்புறம் உள்ளே யாரோ சுரண்டினார்கள். நின்றது. திரும்பவும் சுரண்டல். முட்டையைத் திருப்பிப் பார்த்தார். மயிரிழையில் ஒரு விரிசல். அவர் கட்டைவிரல் நகம் தானாக அங்கே போனது.

"கையை எடுங்க!"

"லேசா ஒரு நெம்பு..."

"நீங்க நெம்பினதெல்லாம் போதும். அதுவாத்தான் வரணும். நீங்க பிச்சுவிட்டா செத்துப்போயிடும்."

அவர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். வாழ்நாளில் அவ்வளவு நீளமான பகலை அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு சுரண்டலுக்கும் அவர் தோள் எழும்பி எழும்பி இறங்கியது.

சாயங்காலத்துக்குள் ஏழு வந்துவிட்டன. நனைந்து, கோணல்மாணலாக, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவை போல. நாலு முட்டை அசையவே இல்லை. அவற்றை மனைவி முந்தானையில் எடுத்துத் தனியே வைத்தாள். அதைப் பார்க்க முடியாமல் அவர் தகரக் கூரையைப் பார்த்தார்.

அவள் தட்டில் நொய்யைத் தூவிவிட்டு மாமியாருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"பாத்தியாடி இந்த அநியாயத்தை?" என்று ஆரம்பித்தாள். "ஊர்ல எவ வெளிய நின்னாலும் ஓடி ஓடித் தொறந்துவிடுவாராம். வீட்டுல இருக்கறவளை வெளிய நிறுத்திப் பூட்டுவாராம்..."

நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது முறையில்லை என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது. நாற்காலி சத்தம் போடாமல் மெல்ல எழுந்து, பின்கதவுப் பக்கம் ஓரடி வைத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அவள், திரும்பாமலே. "அந்தக் கதவுக்குப் பின்னாடி கொசு ஜாஸ்தி. இங்கயே உக்காந்து கேளுங்க. இன்னும் பாதிகூட முடியல."