ஏழு லைன், எழுபது ஓட்டை

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் எல்லா வம்பும் சிங்காரம் அண்ணனின் கெட்டிலில்தான் தொடங்கும். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்துகொண்டு மனுஷன் குடிப்பது பாக்கெட் காப்பி. கம்ப்யூட்டர் ரேக் ஓடுகிற அதே பிளக்கில் கெட்டிலையும் சொருகுவார். டப்பென்று ட்ரிப் விழும். வெளியே கொழுந்து நிறுக்கும் தராசும் செத்துப்போகும். கொழுந்து எடுக்கும் பெண்கள் என்னைத்தான் திட்டுவார்கள். கெட்டிலை ஒருத்தரும் திட்டியதில்லை.

ஒருநாள் மானேஜர் துரை தினேஸ்வரனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொரு வாட்டி ஆஃப் ஆச்சு, ரேக்கு பிரிஞ்சாங் ஆபீஸுக்குப் போயிடும். அதப் பாத்துக்கிற ஆளும் கூடவே போவணும்."

பார்த்துக்கொள்கிற ஆள் நான்தான், விக்னேஸ்வரி. பிரிஞ்சாங் ஆபீஸில் பெரிய கிராணி யார் தெரியுமா? என் நாத்தனார் நளினி! தீபாவளிக்கு அவள் வந்து போனாலே எனக்கு ஒரு வாரம் தலைவலி. அவளுக்குக் கீழே வேலையா? செத்தாலும் மாட்டேன்.

அதனால் ரேக்குக்கென்றே செய்த பி.டி.யு. ஒன்றைத் தேடினேன். கரண்ட் எடுக்கிற நீளமான பட்டை, வரிசையாகப் பிளக் ஓட்டைகள். சாதாரண மூன்று பின் நுழைகிற வகையும் உண்டு. அதை வாங்கினால் கெட்டிலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. நான் தேர்ந்தெடுத்ததில் கம்ப்யூட்டர் கேபிள் மட்டுமே நுழையும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஈப்போ கடைக்காரர் புனிதனிடம் சொல்லிவைத்தேன்.

அவர் திரும்ப அழைத்தபோது நான் தராசுக் கொட்டகையில் இருந்தேன். போனை எடுத்தது சிங்காரம் அண்ணன்.

"எத்தன லைன் ஓடணும்ணே?" என்று கேட்டிருக்கிறார் புனிதன். எத்தனை சாமான் சொருகவேண்டும் என்று அர்த்தம். தோட்டத்தில் பிறந்தவருக்கு லைன் என்றால் வீட்டு வரிசைதானே.

"ஏழு லைன் லா. ஒவ்வொரு லைன்லயும் பத்து வீடு."

லோரியில் ஏழு பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்கு ஒரு பட்டை, பட்டைக்குப் பத்து ஓட்டை, கூடவே கத்தை கத்தையாகக் கேபிள்.

"அண்ணே, என்னண்ணே இது கூத்து?"

"அவன் லைன கேட்டான், சொன்னேன். டிரைவர் வீட்டச் சேக்காம விட்டுட்டேனேன்னு நானே கவலப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

ஒன்றை ரேக்கில் மாட்டினேன். மிச்ச ஆறும் அவர் மேசைக்கடியில் போயின. "இப்ப கெட்டில சொருகுங்க பாப்போம்," என்றேன். முட்டினார், திருப்பினார், ஊதிக்கூடப் பார்த்தார். நுழையவில்லை. அவர் முகம் தொங்கியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் துரை பார்க்க வந்தார். ரேக்கில் பச்சை விளக்கெல்லாம் ஜம்மென்று எரிந்தன. "பரவால்லயே, விக்னேஸ்வரி," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது சோறு வேகிற வாசனை வந்தது.

டப்!

ரேக்குக்குப் பின்னால் ஒரு ரைஸ் குக்கர். பாழாய்ப்போன குக்கரின் முதுகிலும் கம்ப்யூட்டர் முதுகில் இருக்கிற அதே ஓட்டை! மேசைக்கடியில் கிடந்த கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பட்டையிலும் மறுமுனையைக் குக்கரிலும் சொருகியிருக்கிறார் அண்ணன். கழுவின குக்கரைத் துடைக்கவும் இல்லை. ஈரம் உள்ளே இறங்கிவிட்டது.

"அச்சா சேருது துரை! நாந்தான் கண்டுபிடிச்சேன்," என்று நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த ரேக்கப் பத்தி என்னைய விட யாருக்குத் தெரியும் லா?"

துரை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அப்படியா சிங்காரம்? அப்ப ரேக்கோட நீங்களே போங்க."

போன வாரம் பிரிஞ்சாங்கிலிருந்து அண்ணன் போன் செய்தார். குரலே இல்லை. "தங்கச்சி, ஒன் நாத்தனா என்னைய காப்பி கலக்கக்கூட விடமாட்டேங்குறா. இங்க ரேக்குல நாலு ஓட்ட சும்மாதான் கெடக்கு. அந்தக் குக்கர அனுப்பி விடேன்."

பாவம், மனசு கேட்கவில்லை. அன்றைக்கே குக்கரைப் பளபளவென்று கழுவி, துடைக்காமல், காய்கறி லோரியில் ஏற்றிவிட்டேன்.