முப்பத்தொன்றாம் கூண்டு

வெயில் ஏறிய பிறகு கூண்டைத் திறக்கக் கூடாது. கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. காலைக் குளிரில், பயிரை மூடிய வலைக் கூண்டுக்குள், குருத்தின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகள் கோதுமையின் அடித்தூரில் விறைத்துக் கிடக்கும். சூடு பிடித்ததும் வலையின் மேல்பக்கம் ஏறிவந்து, விரல் நுழையும் இடுக்கு கிடைத்தால் போதும், பறந்துவிடும். இந்த விதியை எழுதிப் பூச்சி அறையின் கதவில் ஒட்டியவளே சபோஹத்தான். பத்தொன்பது வருடமாக அந்த அறை அவள் பொறுப்பில் இருந்தது.

இருந்தும் அந்த மே மாதத்தில் நான்கு முறை நடுப்பகலில் முப்பத்தொன்றாம் கூண்டின் கட்டை அவிழ்த்தாள்.

முதல் முறை தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலைக்கு வெளியே நின்று பார்த்தால் எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. நடுக்குருத்து மஞ்சளாகிறதா, இல்லை வெயில் அப்படிக் காட்டுகிறதா என்று பிடிபடவில்லை. ஒரு கண் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று முடிச்சை இழுத்தாள். குருத்து பச்சையாகத்தான் இருந்தது. மூடிவிட்டு அறைக்கு வந்தாள். அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. பார்த்தது அந்தக் குருத்தைத்தானா, பக்கத்துக் குருத்தையா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் கூண்டில் இருந்தது அவள் கணவன் இஸ்மத் கடைசியாக உருவாக்கிய ரகம். மலைக்காரர்கள் விதைக்கும் பழைய கோதுமை ஒன்றையும் சமவெளி ரகம் ஒன்றையும் கலந்து பதினோரு வருடம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்தான். போன கோடையில் ஆலங்கட்டி மழை அடித்ததில் இரண்டு கைப்பிடி விதைதான் தேறியது. அக்டோபரில் அந்த விதையைப் புடைத்துக்கொண்டிருந்தபோதுதான் இஸ்மத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முறத்தின் மேலேயே சாய்ந்தான். மற்ற ரகங்களுக்கு மூன்று மூன்று கூண்டு. இதற்கு ஒன்றுக்குத்தான் விதை இருந்தது.

சோதனை எளிமையானது. மார்ச்சில் பனி கரைந்ததும் மலையடிவாரத்து மாசிபத்திரிப் புதர்களின் அடியில் சருகைக் கிளறினால் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்த நாவாய்ப்பூச்சிகள் கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு கூண்டுக்குப் பன்னிரண்டு என்று எண்ணி விடவேண்டும். ஒரு மாதம் கழித்துப் பயிர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து ஆறுவரை மதிப்பெண். ஒன்று என்றால் சேதமே இல்லை. ஒன்றும் இரண்டும் வாங்கியவை அடுத்த வருடப் பட்டியலில் ஏறும். மற்றவை கோழித் தீவனம். இஸ்மத்தின் ரகம் பட்டியலில் ஏறுமா என்பதைத் தவிர அந்த வசந்தத்தில் சபோஹத்துக்கு வேறு நினைப்பே இல்லை. ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு மெல்லுவதை மறந்து நின்றாள். துக்கத்துக்கு உடுத்திய நீல உடையைச் சில நாள் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

கணக்கெடுக்கும் நாளில் விடிவதற்குள் வயலில் இறங்கினார்கள். வெள்ளைத் துணியைப் பயிருக்கடியில் விரித்து மஸ்தூரா தூரை உலுக்குவாள், விழும் பூச்சிகளைச் சபோஹத் எண்ணுவாள். மஸ்தூரா வயல் வேலைக்காரி, வாய் ஓயாதவள். சபோஹத் அவளுக்கு அபா, அக்கா. முதல் கூண்டில் ஒன்பது பூச்சி. இரண்டாவதில் பத்து. பயிர்கள் குருத்து காய்ந்து, நோயாளிபோல் குறுகி நின்றன. அப்படியே முப்பதுவரை போனார்கள். ஒரு கூண்டில் ஆறுக்குக் குறைவாகப் பூச்சி இருந்தால் அந்தக் கூண்டு செல்லாது. அதுவும் கதவில் ஒட்டிய தாளில் இருந்தது.

முப்பத்தொன்றைத் திறந்ததும் மஸ்தூராவே பேச்சை நிறுத்திவிட்டாள். பயிர் திருவிழாவுக்கு உடுத்தியதுபோல் பளபளவென்று நின்றது. ஒரு குருத்தும் காயவில்லை. உலுக்கினாள். துணியில் இரண்டு பூச்சிகள் விழுந்தன. மறுபடி உலுக்கினாள். மண்தான் விழுந்தது.

சபோஹத் முழங்காலிட்டு மண்ணைக் கையால் துழாவினாள். வலையின் ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். கிழிசல் இல்லை.

"பத்துன்னு எழுதிக்கோ அபா," என்றாள் மஸ்தூரா மெதுவாக. "யாரு வந்து பூச்சிகிட்ட கேக்கப் போறாங்க?"

சபோஹத் பேனாவை எடுத்தாள். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு முப்பத்திரண்டாம் கூண்டுக்கு நகர்ந்தாள்.

பயிர் தப்பிய செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது. பிரிவுத் தலைவர் ஹோல்மத் பயிர்களைப் பார்த்து மதிப்பெண் போட வந்தவர், முப்பத்தொன்றின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அகா, அண்ணன். இஸ்மத்தோடு பதினோரு வருடம் சண்டை போட்டவர். அந்த மலைக் கோதுமையைக் கலப்பதே வீண் வேலை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னவர். இப்போது ஒன்று என்று கொட்டையெழுத்தில் போட்டார். தோற்றுப்போனதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். சமையல்காரியிடம்கூடச் சொன்னார்.

அன்று முழுக்கச் சபோஹத் நடந்துகொண்டே இருந்தாள். அறையிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து முசுக்கொட்டை மரத்துக்கு. கையில் வாளி இருந்தது, அதில் தண்ணீர் இல்லை. மனிதன் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. ஒரு எண் எழுதினால் அவன் உழைப்பு நிலைக்கும். அந்த எண்ணை அவளைத் தவிர யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் நாளை ஏதோ ஒரு மலைச்சரிவில் ஏதோ ஒரு குடும்பம் அந்த எண்ணை நம்பி விதைக்கும். இஸ்மத் இதையெல்லாம் யோசித்துக் குழம்பியிருக்க மாட்டான். பேசாமல் பட்டியலிலிருந்து அடித்திருப்பான். அதை நினைத்தபோது அவன்மேல் கோபம்தான் வந்தது.

பிற்பகல் தேநீரின்போது ஹோல்மத் பதிவேட்டைப் புரட்டி, அந்த வெற்றுக் கட்டத்தில் விரல் வைத்தார். ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார்.

"ரெண்டு பூச்சிதான் அகா இருந்துச்சு," என்றாள் சபோஹத். "நான்தான் தெறந்தேன். மத்தியானத்துல. நாலு வாட்டி. அதுக்கு ஒண்ணு போடாதீங்க. அது பூச்சியையே பாக்கல."

ஹோல்மத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு வாட்டியில பத்துப் பூச்சி போயிருக்காது," என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழமை இங்க வந்தேன். யாரும் இல்ல. அந்தக் கிறுக்கன் ஜெயிச்சுட்டானான்னு பாக்கணும்போல இருந்துச்சு. உச்சி வெயில். தெறந்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டேன்."

மேசையின் மறுமுனையில் மஸ்தூரா ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள். பிறகு, "ரெண்டே ரெண்டு நாள்தான். ஏதாச்சும் பூச்சி குருத்துல வாய வச்சிருந்தா நசுக்கிடலாம்னு பாத்தேன். ஒண்ணு நசுக்கினேன். மிச்சதெல்லாம் நீங்க பறக்க விட்டதுதான்."

முதலில் சிரித்தது ஹோல்மத்தான். சபோஹத்துக்கு அழுகை முட்டியது, ஆனால் சிரிப்பும் சேர்ந்து வந்து தேநீர் புரையேறியது. மஸ்தூரா அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் ஹோல்மத் தான் போட்டிருந்த ஒன்றை அடித்துவிட்டு, குறிப்புப் பத்தியில் "கூண்டு திறக்கப்பட்டது, செல்லாது" என்று எழுதினார். யார் திறந்தது என்று எழுதவில்லை. அடுத்த வசந்தத்தில் மறுபடி விதைப்போம், பூட்டுப் போட்டு வைப்போம் என்றார்.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று சபோஹத் கேட்டாள்.

ஹோல்மத் தன் சட்டைப்பையைத் தொட்டார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இங்க வேணாம் அகா. அவரைத் தெரியாதவங்க இருக்குற எடத்துக்கு அனுப்பிடுங்க."

அப்படித்தான் அந்தக் கூண்டில் அறுத்த விதையில் பாதி செப்டம்பரில் கணவாய்க்கு அப்பால் வடக்கிலிருந்த இன்னொரு நிலையத்துக்குப் போனது. பொட்டலத்தின் மேல் புது எண் எழுதினாள்: நூற்றுப் பன்னிரண்டு. பழைய எண்ணும் இல்லை, இஸ்மத்தின் பெயரும் இல்லை. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிய பிறகும் கதவைப் பிடித்தபடி பத்தடி நடந்தாள். அடுத்த மே மாதம் முழுக்க அந்த நிலையத்தின் தொலைபேசி எண் அவள் சட்டைப்பையில் கிடந்து கசங்கியது. எண்களைச் சுழற்றத் தொடங்கிப் பாதியில் வைத்துவிடுவாள். கேட்டால் அங்கேயும் யாராவது போய்த் திறந்து பார்ப்பார்கள்.

ஜூனில் தாள் வந்தது. ஹோல்மத் வாசிக்காமல் அவளிடம் நீட்டினார். நூற்றுப் பன்னிரண்டுக்கு மூன்று கூண்டு போட்டிருந்தார்கள். பூச்சி பதினொன்று, பத்து, பதினொன்று. மதிப்பெண் மூன்று.

"ஒரு மார்க்குல போச்சு," என்றார் ஹோல்மத். ஜெயித்த முகமாக இல்லை.

சபோஹத் தாளை இரண்டு முறை வாசித்தாள். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"மூணுன்னா பாதிப் பயிராவது தாங்கியிருக்கு இல்ல?"

"தாங்கியிருக்கு. ஆனா பட்டியல்ல ஏறாது."

"ஏற வேணாம். நம்ம ஒன்பதாம் நம்பர் ரகம் இந்த வருஷம் ஒண்ணு வாங்குச்சே, மழைக்குச் சாஞ்சு விழுந்துச்சே, அதோட இதைக் கலந்தா என்ன? மிச்ச விதை என்கிட்ட இருக்கு. வர்ற மார்ச்சுல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விதைக்கலாம். ஒண்ணாப் பூத்தாக் கலந்துடலாம்."

"அந்த மலைக் கோதுமையை மறுபடியுமா?" ஹோல்மத்தின் குரல் உயர்ந்தது. "இன்னொரு பதினோரு வருஷம் என்னால முடியாது."

முடியாது என்றுதான் அவர் இஸ்மத்திடமும் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறார் என்றாள் சபோஹத். அது வேறு, இது வேறு என்றார் அவர். எப்படி வேறு என்று அவள் கேட்டாள். பேச்சு வளர்ந்தது. மஸ்தூரா வந்து இருவரையும் பார்த்துவிட்டு, கொண்டுவந்த தேநீரைத் தானே ஊற்றிக் குடிக்கத் தொடங்கினாள். சபோஹத் நாற்காலியைப் பிடித்தபடி, இன்னும் உட்காராமல், ஒன்பதாம் நம்பர் எந்தத் தேதியில் பூக்கும் என்று பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தாள்.