தை என்று கூப்பிட்டவள்

டெய்லரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாசல் அறையில் ஒரு தையல் மெஷின், சுவரோரம் நீளமாக ஒரு மேஜை, பிடியில் துணி சுற்றிய ஒரு கத்தரிக்கோல், இவ்வளவுதான் அவள் கடை. பெரியவர்களுக்குத் தைப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். தோள் இறங்குகிறது, இடுப்பு பிடிக்கிறது என்று பெரியவர்கள் ஆயிரம் நொட்டை சொல்வார்கள், கைக்குழந்தை எதைப் போட்டாலும் அதன்மேல் எச்சில் வடிப்பதோடு சரி என்பாள். குழந்தைகளுக்கு முதுகில் நாடா கட்டுகிற சட்டை, கழுத்தில் கட்டும் எச்சில் துணி, இடுப்பில் இலாஸ்டிக் கோத்த குட்டி டிரவுசர், மிஞ்சிய துணியில் பொம்மைகள் என்று அவள் கை ஓயாது.

குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு அவள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே துணி கொடுக்கப் போன ஒரு நாள், பொறுப்பாளர் அவளை உட்காரவைத்துப் பேசினார். பெற்றவர்கள் இல்லாத குழந்தைகளுக்கு நிரந்தரமாக ஓர் அப்பா அம்மா அமையும்வரை, யாராவது வீட்டில் வைத்து வளர்த்தால் நன்றாக இருக்கும், உங்களால் முடியுமா என்று கேட்டார். மகன் வேலைக்கு வெளிநாடு போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் டவுன் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருக்கிற எனக்கு ஒரு பிள்ளை அழுகிற சத்தமா பெரிது, கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

முதலில் வந்த இரண்டு குழந்தைகள் சில வாரங்களில் போய்விட்டன. மூன்றாவதாக வந்தவள் தங்கிவிட்டாள். வரும்போது ஒரு முழ நீளம்கூட இல்லை. அவளுடைய காகிதங்கள் ஏதோ ஓர் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. அவை எழுவதற்குள் இவள் குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். இல்லத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வளர்க்கப் போகிறவர்கள் எப்படியும் மாற்றிவிடுவார்கள் என்று டிரைவர் அதைச் சொல்லியே கூப்பிடவில்லை. அவள் கையை நீட்டினால் வீட்டில் இரண்டு பேரும் ஓடுகிறார்கள், அப்படியானால் இவள்தானே முதலாளி என்று முதலாளி என்றே கூப்பிட்டார்.

டெய்லரம்மா முதல் நாளே ஒன்றை முடிவு செய்திருந்தாள். இந்தக் குழந்தை தன்னை அம்மா என்று அழைக்கக் கூடாது. பால் புட்டியைப் பிடித்துக்கொண்டும், சட்டை மாற்றிவிட்டுக்கொண்டும், "அத்தை. அத்தை சொல்லு" என்றே பழக்கினாள். டிரைவர் மாமா ஆனார். மாமா என்பது குழந்தையின் வாயில் சுத்தமாக வந்தது. அத்தைதான் வரவில்லை. எவ்வளவு முட்டிமோதியும் "தை" என்றுதான் வந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது குழந்தை காலடியில் நின்று "தை, தை" என்று கத்தினால் டிரைவருக்குச் சிரிப்பு தாங்காது. "முதலாளியே உத்தரவு போட்டாச்சு. பராக்கு பார்க்காம தை" என்பார்.

கழுதை வந்தது அதற்குப் பிறகு. குழந்தைக்கு ஒரு குதிரை செய்வோம் என்று அவள் டிரைவரின் பழைய சாம்பல் நிற யூனிபார்ம் பேண்ட்டை வெட்டினாள். பிள்ளை கடித்து இழுக்கும் என்பதால் ஒவ்வோர் ஓரத்துக்கும் இரட்டைத் தையல் போட்டாள். பட்டன் வைத்தால் பிய்த்து விழுங்கிவிடும் என்று கண்களைக் கறுப்பு நூலால் தைத்தாள். ஆனால் காதுகள் நீண்டுவிட்டன. கழுத்தில் பஞ்சு போதாமல் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று அவளே அலுத்துக்கொண்டாள். குழந்தை அந்தத் தொங்கிய கழுத்தைக் கைமுட்டியால் இறுக்கிப் பிடித்தது. பிறகு விடவே இல்லை. சாப்பிடும்போது மடியில், தூங்கும்போது மூக்குக்குக் கீழே. மென்று மென்று காதுகள் நைந்து, வயிறு தட்டையானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிறதைக் கண்ணால் பார்க்கிறேன் என்றார் டிரைவர். அந்தக் கழுதைக்கும் குழந்தை வைத்த பெயர் "தை"தான்.

அப்புறம் காகிதங்கள் எழுந்தன.

இல்லத்தின் முன்னறையில் வைத்துக் குழந்தையைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள வந்தவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவளும் அவள் கணவனும் பல வருடம் காத்திருந்தவர்கள் என்று பொறுப்பாளர் சொல்லியிருந்தார். அவர்களாக விரும்பினாலொழிய வளர்த்தவர்கள் தேடிப் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். டெய்லரம்மா ஒரு பை நிறையச் சட்டைகளை வைத்து, மேலே கழுதையையும் வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். அழுகைச் சத்தம் வாசல்வரை கேட்டது.

அதற்குப் பிறகு அவள் வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் தெருவில் எந்தப் பிள்ளை நடந்து போனாலும் அவள் கண் தோளை அளந்தது. நம்முடையவளும் இந்நேரம் இந்த உயரம் வந்திருப்பாள், கொடுத்தனுப்பிய சட்டையெல்லாம் அக்குளில் பிடிக்கும் என்று நினைப்பாள். நம்முடையவள் என்று நினைத்ததற்குத் தன்னையே கடிந்துகொள்வாள். சில நாள் மெஷினை மிதிக்கும்போது காலடியில் யாரோ நிற்கிறார்கள் என்று காலை மெதுவாக எடுப்பாள். டிரைவர் எதுவும் கேட்கவில்லை. டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டு, செய்தி பார்த்துவிட்டுப் படுத்துவிடுவார். ஆம்பளை மனசு இரும்புதான் போலிருக்கிறது என்று அவளுக்குக் கோபமாகக்கூட வந்தது.

ஒரு பகல் வேளையில் மருந்துக்கடைக்காரி போன் செய்தாள். தயங்கித் தயங்கித்தான் பேசினாள். சந்தைக்குப் போன இடத்தில் கழுதை தொலைந்துவிட்டது. தேடாத இடமில்லை. கடையில் எத்தனையோ பொம்மை வாங்கிக் கொடுத்தும் குழந்தை தூக்கி எறிகிறது. பல நாளாக ராத்திரி தூங்காமல் அழுகிறது.

"என்ன சொல்லி அழறா?" என்று டெய்லரம்மா கேட்டாள்.

"கழுதையைக் கேட்டுத்தான் அக்கா. தை, தைன்னு அழறா. கழுதைங்கிறதை அவ அப்படித்தானே சொல்லுவா?"

டெய்லரம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறொன்று செய்து தருகிறேன், இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அழுகிற சொல்லையும் சொன்னாள். அவர் உள்ளே போய், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, அன்றைக்குப் போட்டிருந்த யூனிபார்ம் பேண்ட்டையே கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். நாளைக்கு டூட்டிக்கு எதைப் போடுவீர்கள் என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வெட்டு என்றார்.

இந்தத் தடவை முதலில் தைத்தது ரொம்ப அழகாக வந்துவிட்டது. காது அளவாக நின்றது, கழுத்து நிமிர்ந்தது. இதை அவள் தொடவே மாட்டாள் என்று டெய்லரம்மாவுக்குத் தெரியும். தையலைப் பிரித்தாள். காதை வேண்டுமென்றே நீளமாக வெட்டி, கழுத்துக்குள் பஞ்சைக் குறைத்து, தலை ஒரு பக்கம் சாயும்படி மறுபடி தைத்தாள். ஒழுங்காகத் தைப்பதைவிடத் தப்பாகத் தைப்பது கஷ்டமாக இருந்தது. கடைசியாக வயிற்றில் பஞ்சை அடைக்க எடுத்தவள், கையை நிறுத்திக்கொண்டாள். அந்தப் பஞ்சு குழந்தை தலைவைத்துப் படுத்திருந்த பழைய தலையணையிலிருந்து எடுத்தது. அதில் இந்த வீட்டு வாசனை இருந்தது. குழந்தை முகர்ந்த உடனே அத்தையை நினைக்கும். அதற்காகத்தான் அந்தத் தலையணையைத் தேடி எடுத்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நினைக்கட்டுமே என்றது மனசு. வெகு நேரம் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பஞ்சைத் தலையணைக்குள்ளேயே திணித்து, முடிச்சுப் போட்டு எடுத்து வைத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரி மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தனியாக வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வயிறு திறந்து தொளதொளவென்று கிடந்த கழுதையைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. இன்னும் முடியவில்லையா, இன்றைக்கே கிடைக்கும் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு வந்தேனே என்றாள்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் சாப்பிட வந்தார். யாரென்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. முதலாளி சௌக்கியமா, பல் எத்தனை வந்தது, ஓடுகிறாளா என்று அடுக்கினார். அதே வேகத்தில், "அத்தை மறுபடி பேண்ட்டை வெட்டிட்டான்னு அவகிட்ட சொல்லுங்க" என்றும் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரி அவரைப் பார்த்தாள், பிறகு டெய்லரம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, அவ உங்களை என்னன்னு கூப்பிடுவா?"

டெய்லரம்மா ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டாள். ஆனால் பொய் சொல்லவில்லை.

"அத்தைன்னு சொல்லிக்கொடுத்தேன். வாயில வந்தது தை மட்டும்தான். கழுதையையும் அப்படித்தான் கூப்பிடுவா. எதைக் கேக்குறான்னு எங்களுக்கே பல நேரம் தெரியாது."

"அப்போ அவ உங்களைக் கேட்டுத்தான் அழறாளா? நான் ஊரெல்லாம் கழுதையைத் தேடிட்டு இருந்தேனே." மருந்துக்கடைக்காரிக்கு அழுகை முட்டியது. "என்னை இன்னும் எதுவுமே கூப்பிடலை அக்கா. சட்டையைப் பிடிச்சு இழுப்பா, அவ்வளவுதான்."

டெய்லரம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாங்கிற சொல்லை நான் அவ வாயில பழக்கவே இல்லை. வரப்போறவளுக்கு இருக்கட்டும்னு விட்டு வெச்சேன். அது உனக்குத்தான் இருக்கு. அவ எடுக்கக் கொஞ்சம் நேரமாகும்."

டிரைவர் சாப்பிடாமலே பின்பக்கம் போய்விட்டார்.

டெய்லரம்மா கழுதையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். மேல்துணி எங்கள் வீட்டுடையது, உள்ளே வைக்கிறது உன் வீட்டுடையதாக இருக்கட்டும் என்றாள். நீ வீட்டில் உடுத்தி நைந்துபோன துணி எதையாவது துவைக்காமல் கிழித்து அடை, நெருக்கமாகத் தைத்து மூடு என்றாள். எனக்கு ஊசி பிடிக்கவே வராதே என்றாள் வந்தவள். கோணலாக இருந்தால் என்ன, கழுதைதானே, யார் குறை சொல்லப்போகிறார்கள் என்றாள் டெய்லரம்மா. அழுகைக்கு நடுவே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு போனில் செய்தி வந்தது. தன் பழைய நைட்டியையும் கணவனின் பனியனையும் அடைத்துத் தைத்தாளாம். வயிறு உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கிறதாம். குழந்தை முதலில் அதைத் தூக்கி எறிந்தது. மறுநாளும் எறிந்தது. அப்புறம் ஒரு மதியம் பார்த்தால் கழுத்தைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறது. இப்போது அதோடுதான் தூங்குகிறது, அழுகையும் குறைந்துவிட்டது என்றாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள், "ஒரு லீவு நாள்ல அவளைக் கூட்டிட்டு வரட்டுமா அக்கா?"

டெய்லரம்மாவுக்கு உடம்பெல்லாம் வா வா என்றது. ஆனால் வாய் வேறு சொன்னது. இப்போதுதான் அங்கே ஒட்டிக்கொள்கிறாள், இங்கே வந்தால் மறுபடி கலைந்துவிடும், கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அவளும் சரி என்று வைத்துவிட்டாள்.

டிரைவர் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நீ மட்டும்தான் வளர்த்தியா?"

பிறகு அவரே தணிந்து உட்கார்ந்தார். குழந்தை போனதுமே டிப்போவில் கெஞ்சிக் கேட்டு ரூட் மாற்றிக்கொண்டதை அப்போதுதான் சொன்னார். அவர்கள் இருக்கிற பகுதி வழியாகப் போகிற வண்டி அது. நெரிசல் பிடித்த ரூட், யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். அந்த நிறுத்தத்தில் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து, கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு யாராவது ஏறுகிறார்களா என்று கண்ணாடியில் பார்ப்பாராம். ஒரு தடவைகூட ஏறவில்லை.

இரும்பு என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் டூட்டிக்குப் போன பிறகு போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"உன்னை அவளா அம்மான்னு கூப்பிடட்டும். அன்னைக்கு எனக்குச் சொல்லு. அதுக்கப்புறம் எப்ப வேணும்னாலும் கூட்டிட்டு வா. முன்கூட்டியே சொல்லிட்டு வா, இவர் லீவு போடணும்."

அது எப்போது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. டிரைவர் சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றும்போதெல்லாம் போன் வந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். ஒரு நாள் அவரே துணிக்கடையிலிருந்து மஞ்சளில் சின்னப் பூப்போட்ட பருத்தித் துணி கொஞ்சம் வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்தார். அவள் அதை விரித்து வெகு நேரம் பார்த்தாள். அளவு தெரியாது. வருகிறபோது எவ்வளவு வளர்ந்திருப்பாளோ அதுவும் தெரியாது. வேண்டுமென்றால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று, கவுனாக வெட்டிக் கீழ் ஓரத்தில் அகலமாக ஒரு மடிப்பு மடித்தாள். அது போதாது என்று தோன்றி, அதற்கு மேலே இன்னொரு மடிப்பும் மடித்து, மெஷினில் உட்கார்ந்தாள்.